வீட்டுப் பூச்சுகளும் தோலுக்குள் இறங்கும் பொருள்களும்: கேள்வி பதில்

வீட்டில் முகப்பூச்சு, எண்ணெய், களிம்பு செய்பவர்களும் பூசுபவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு, மருந்தாளராகப் பணியாற்றும் எமது உறுப்பினர் அளித்த பதில்கள் இவை.

மல்லாவி, சகோதரி ஒருவர்: கற்றாழையும் கஸ்தூரி மஞ்சளும் சேர்த்து முகப்பூச்சுச் செய்து அயலவர்களுக்கும் கொடுக்கிறேன். புரொப்பிலீன் கிளைக்கோல் கலந்தால் சத்து ஆழமாக இறங்கும் என்கிறார்கள். கலக்கலாமா ஐயா?

வேண்டாம். அது நஞ்சு என்பதற்காகச் சொல்லவில்லை. மருந்துக் களிம்புகள் பலவற்றில் கரைப்பானாக அது இருக்கிறது. இறந்த கலங்களும் அவற்றுக்கிடையே கொழுப்பும் அடுக்கப்பட்டுள்ள தோலின் மேற்படை, உடலின் பெரும்பகுதியில் கடதாசித் தாளிலும் மெல்லியது. ஆயினும் வெளிப்பொருள்களை மறித்து நிற்பது அதுதான். மூலக்கூற்று நிறை 500 டால்டனுக்கு மேற்பட்டவை பொதுவாக அதைத் தாண்டுவதில்லை. புரொப்பிலீன் கிளைக்கோல், அற்ககோல், மென்தோல், ஒலிவ் எண்ணெயில் மிகுந்துள்ள ஒலெயிக் அமிலம் போன்றவை அந்தக் கொழுப்பின் ஒழுங்கைக் குலைத்து வழி திறக்கின்றன. திறந்த வழியால் மஞ்சளின் சத்து மட்டும் போகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நீங்கள் சேர்த்த வாசனை, கற்றாழை மடலை வெட்டியதும் வடியும் மஞ்சட்பால், தோட்டத்தில் தெளித்த மருந்தின் மிச்சம் ஆகியவையும் அதே வழியால் கூடுதலாக இறங்கும். மருந்து தயாரிப்பவர்கள் கலவை முழுவதையும் சோதித்த பின்னரே வெளியில் விடுகிறார்கள். அந்த வசதி நம் குசினியில் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீர் கலந்த பூச்சில் பாதுகாப்புப் பொருள் இல்லாவிட்டால், நமது வெக்கைக்குச் சில நாட்களிலேயே அதில் கிருமி பெருகும். கெட்ட மணம் வரும்வரை அது கெடவில்லை என்று நம்ப முடியாது. வெட்டிய மடலை மஞ்சட்பால் வடியும்வரை நிமிர்த்தி வைத்துக் கழுவி, உள்ளிருக்கும் சதையை அன்றன்று பயன்படுத்துங்கள். அயலவர்களுக்குப் போத்தலில் அடைத்துக் கொடுப்பதை நிறுத்துங்கள்.

ஒட்டுசுட்டான், சகோதரி ஒருவர்: கழுத்துக் கருமைக்குத் தேசிக்காய்ப் புளியும் அப்பச்சோடாவும் பூசிக்கொண்டு வயலுக்குப் போகிறேன். எரிவு இருக்கிறது. வேலை செய்கிறது என்பதன் அடையாளமா?

எரிவு காயத்தின் அடையாளம். அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு தோலுக்கு ஏறத்தாழ 5. தேசிக்காய்ப் புளிக்கு 2 அளவில், சோடாக் கரைசலுக்கு 8க்கு மேல். ஒன்று அமிலம், மற்றது காரம். இரண்டாலும் மேற்படை குலையும். தேசிக்காய்த் தோலிலுள்ள ஒருவகைச் சேர்மங்கள், புளி பிழியும்போது கையிலும் கழுத்திலும் பட்டு, வெய்யிலின் புற ஊதாக் கதிரோடு சேர்ந்து தோலைச் சுட்டுவிடும். ஓரிரு நாளில் சிவந்து கொப்பளிக்கும்; பிறகு படியும் கபில நிறத் திட்டுகள் மாதக் கணக்கில் நிற்கும். கருமையைப் போக்கப் போய்க் கருமையை வாங்கும் வேலை இது. கழுத்தின் கருமை வெல்வெட் துணிபோலத் தடித்திருந்தால், எதையும் பூசுவதற்கு முன் இரத்தத்தில் சீனியின் அளவைப் பார்த்துவிடுங்கள். அத்தகைய தடிப்புக்கு உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யாமை பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

கிளிநொச்சி, மணமகளின் தாயார்: பெயர்ச்சீட்டு இல்லாத டப்பாவில் வெள்ளைக் கிறீம் ஒன்று வாங்கி, அதில் பீட்டாமெதசோன் களிம்பையும் விற்றமின் ஈ குளிசை எண்ணெயையும் கலந்து மகளுக்குப் பூசி வருகிறோம். இரண்டு கிழமையில் நல்ல வெளுப்பு. தொடரலாமா?

அம்மா, அந்த வேகமே எனக்கு அச்சம் தருகிறது. பீட்டாமெதசோன் ஸ்டீரொயிட் மருந்து. சிலகாலம் பூசினால் முகத்தோல் மெலிந்து, நுண்ணிய இரத்தக் குழாய்கள் தெரிந்து, பருக்கள் எழும். எல்லா இடத்துத் தோலும் ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை. இவ்வகை மருந்தான ஹைட்ரோகோட்டிசோனை வைத்து 1967இல் வெளியான அளவீட்டின்படி, முன்கையோடு ஒப்பிட நெற்றி ஆறு மடங்கும் தாடைக்கோணம் பதின்மூன்று மடங்கும் உறிஞ்சின. கையில் ஒன்றும் செய்யாதது முகத்தில் செய்யும்.

டப்பாக் கிறீமில் பாதரசம் இருக்கலாம் என்பது அடுத்த கவலை. பாதரசச் சேர்மங்கள் தோலால் உட்சென்று சிறுநீரகத்தில் தங்கிச் சேதம் விளைவிக்கும். பூசியவரின் கையாலும் துவாயாலும் வீட்டிலுள்ள குழந்தைக்கும் போய்ச் சேரும். பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும், இலங்கையும் இணைந்துள்ள மினமாட்டா என்ற சர்வதேச உடன்படிக்கை முதலில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருந்தது. 2023இல் அந்த வரம்பையும் நீக்கி, பாதரசம் சேர்த்த அழகுசாதனம் எதுவும் கூடாது என்று முடிவு செய்தார்கள். காரணம் தெரியாத சிறுநீரக நோயை வவுனியாப் பக்கத்தில் கண்டிருக்கும் நாம், சிறுநீரகத்துக்கு வீட்டுக்குள்ளேயே இன்னொரு சுமையைத் தேடிக்கொள்ளக் கூடாது. டப்பாவை இன்றே நிறுத்துங்கள். ஆனால் எறிந்துவிடாமல் ஆஸ்பத்திரிக்குக் கையோடு கொண்டுபோய்ச் சிறுநீரைச் சோதிக்கும்படி கேளுங்கள். ஸ்டீரொயிட்டை நீண்டகாலம் பூசி வந்திருந்தால், திடீரென நிறுத்தும்போது முகம் சிவந்து எரியக்கூடும். அதை எப்படிக் குறைப்பது என்று வைத்தியர் சொல்லட்டும்.

புதுக்குடியிருப்பு, ஐயா ஒருவர்: முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. செயற்கைக்கால் போடும் இடத்தில் கடி. தேங்காய் எண்ணெயில் கற்பூரமும் மென்தோலும் காய்ச்சிப் பூசிவிட்டுக் காலை மாட்டுகிறேன். முதலில் குளிர்ச்சி, மத்தியானத்தில் எரிவு.

எரிவது எதிர்பார்க்க வேண்டியதே. செயற்கைக்காலின் கிண்ணத்துக்குள் காற்றுப் போகாது. வியர்வையில் தோல் ஊறி, சூடேறி, அழுத்தத்தோடு உராயும். மூடி வைத்த தோல் திறந்த தோலைவிடப் பல மடங்கு உறிஞ்சும். வழி திறக்கும் மென்தோலையும் நரம்பைத் தூண்டும் கற்பூரத்தையும் பூசி நாள் முழுக்க மூடி வைத்திருக்கிறீர்கள். தழும்பு இருந்தால் அங்குள்ள தோல் இன்னும் பலவீனமானது. காலையில் எதுவும் பூசாமல், உலர்ந்த சுத்தமான உறை போட்டுக் காலை மாட்டுங்கள். நடுவில் ஒருமுறை கழற்றி வியர்வையைத் துடையுங்கள். இரவில் மெல்லிய சவர்க்காரத்தால் கழுவி, நன்றாக உலர்ந்த பின் வெறும் தேங்காய் எண்ணெயைக் கொஞ்சமாகப் பூசலாம். கிண்ணத்தின் உட்புறத்தையும் துடைத்து உலர விடுங்கள். கடி வட்ட வட்டமாகப் படர்ந்தால் அது பெரும்பாலும் பங்கசு. சிவப்பு எப்போதும் ஒரே இடத்திலென்றால் கிண்ணம் காலுக்குப் பொருந்தாமல் போயிருக்கலாம். முதலாவதற்கு வைத்தியரிடமும், இரண்டாவதற்குக் கால் செய்து தந்தவர்களிடமும் போக வேண்டும்.

நெடுங்கேணி, விவசாயி ஒருவர்: மூட்டுவலிக்கு மகன் வெளிநாட்டிலிருந்து டி.எம்.எஸ்.ஓ. திரவம் அனுப்பியிருக்கிறான். கழுவிய மருந்துப் போத்தலில் வேப்பெண்ணெயோடு கலந்து வைக்கலாமா?

போத்தல் பயிருக்குத் தெளிக்கும் கிருமிநாசினி இருந்தது என்றால், அதை எத்தனை முறை கழுவினாலும் உடலில் பூசும் எதையும் அதில் விடக்கூடாது. டி.எம்.எஸ்.ஓ. (டைமெதில் சல்பொக்சைட்) என்பது தோலை மிக விரைவாகத் தாண்டும் ஒரு கரைப்பான். கையில் பூசிய சில நிமிடங்களில் வாயில் உள்ளிச் சுவை தெரியும். தன்னோடு கரைந்திருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும். மருந்தடித்துவிட்டு வந்த கையில் அதைப் பூசினால் என்ன உள்ளே போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கடையில் கிடைப்பவற்றில் தொழிற்சாலைத் தரமானவையும் உண்டு. மகனின் அன்பை மதித்துக்கொண்டே, போத்தலைத் திறக்காமல் வைத்துவிடுங்கள்.

பரந்தன், இளந்தாய்: ஆறு மாதக் குழந்தைக்குத் தடிமன். கற்பூர எண்ணெய் நெஞ்சில் தேய்க்கலாமா?

கூடாது. கற்பூரம் தோலாலும் மூச்சாலும் உட்சென்று சிறு குழந்தைகளுக்கு வலிப்பைக் கொண்டுவரும். எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோற்பரப்புப் பெரியவர்களினதைவிட மிகக் கூடுதல். மென்தோல் தைலங்களையும் தவிருங்கள். மூச்சு இழுத்தாலோ பால் குடிக்க மறுத்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

மாங்குளம், மாணவி ஒருவர்: புதிதாகச் செய்த பூச்சு ஒத்துக்கொள்ளுமா என்று எப்படிப் பார்ப்பது?

முழங்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய்க் குற்றியளவு இடத்தில், காலையும் மாலையும் ஒரு கிழமைக்கு மேல் பூசிப் பாருங்கள். ஒவ்வாமை முதல் நாளிலேயே தெரிய வேண்டும் என்றில்லை. சிவப்போ கடியோ வந்தால் கழுவிவிட்டு நிறுத்துங்கள். இந்தச் சோதனை எரிச்சலையும் ஒவ்வாமையையும் மட்டுமே காட்டும். பாதரசத்தையோ ஸ்டீரொயிட்டையோ காட்டாது.