வாசகர் கேள்வி–பதில்: அரிவாள் செல் சோகையும் நொடிக் கணக்கும்

2023 ஜூலையில் ஒன்றிய அரசு தொடங்கிய அரிவாள் செல் சோகை ஒழிப்புத் திட்டத்தின்கீழ் 17 மாநிலங்களில் 40 வயது வரையுள்ளவர்களுக்குப் பரிசோதனை நடக்கிறது. அதில் தமிழ்நாடும் உண்டு. நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்த நோயின் மரபணு இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952-லேயே பதிவு செய்துவிட்டார்கள். இந்த நோய் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

முகாமில் என் மகளின் ரத்தத்தை ஒரு குழாயில் கலந்து பார்த்துவிட்டு 'சிக்கிள் பாசிட்டிவ்' என்று எழுதிக் கொடுத்தார்கள். 9 வயது, எந்தத் தொந்தரவும் இல்லை. நோய் வந்துவிட்டதா?
— வாசகி, கூடலூர்

அந்தச் சீட்டை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. முகாமில் செய்தது கரைதிறன் சோதனை. அடர்த்தியான பாஸ்பேட் கரைசல் 2 மி.லி. எடுத்து, அதில் 20 மைக்ரோ லிட்டர் ரத்தம் விடுவார்கள். கரைசலில் உள்ள சபோனின் சிவப்பணுக்களை உடைக்கும். டைதயோனைட் ஆக்சிஜனைப் பறித்துவிடும். இந்த நோய்க்குக் காரணமான, மாறிப்போன ஹீமோகுளோபின்-எஸ் இருந்தால் அது கரையாமல் கலங்கி நிற்கும். ஐந்து நிமிடம் கழித்து, கோடு போட்ட அட்டையைக் குழாய்க்குப் பின்னால் பிடித்தால் கோடுகள் தெரியாது. அதுதான் 'பாசிட்டிவ்'.

ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் மரபணு வந்த கேரியருக்கும், இருவரிடமிருந்தும் வந்த நோயாளிக்கும் குழாய் ஒரே மாதிரிதான் கலங்கும். உங்கள் மகள் 9 வயது வரை தொந்தரவு இல்லாமல் இருப்பதால் கேரியராக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. அல்லது எலெக்ட்ரோபோரசிஸ் சோதனை செய்துதான் முடிவு சொல்ல வேண்டும். கேரியரின் அறிக்கையில் சாதாரண வகையான ஹீமோகுளோபின்-ஏ அதிகமாகவும், எஸ் பெரும்பாலும் 30–40 சதவீதமாகவும் இருக்கும். நோயாளியின் அறிக்கையில் ஏ இருக்காது. பெரும்பகுதி எஸ், மீதியில் சிசு ஹீமோகுளோபினான எஃப். ஏ-யைவிட எஸ் கூடுதலாக இருந்தால் தலசீமியா என்ற இன்னொரு பரம்பரை ரத்த நோயும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் கொடையாளியின் ஹீமோகுளோபின் கணக்கைக் குழப்பிவிடும். மூன்று மாதம் பொறுத்து எடுப்பது நல்லது.

முகாம் நடத்துவோருக்கும் ஒரு வார்த்தை. 'நெகட்டிவ்' என்று தவறாக வருவதற்குப் பழகிய காரணங்கள் சில உண்டு. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கரைசலை அறைச் சூட்டுக்கு வரவிடாமல் பயன்படுத்துவது ஒன்று. டைதயோனைட் பழையதாகி வீரியம் இழந்திருப்பது இன்னொன்று. கடும் சோகையில் 20 மைக்ரோ லிட்டரில் போதிய ஹீமோகுளோபின் இருக்காது. அப்போது ரத்த அளவை இரட்டிப்பாக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்தச் சோதனையே வேண்டாம். தினமும் தெரிந்த கேரியர் ரத்தம் ஒன்றையும் சாதாரண ரத்தம் ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதிப் பிழைகள் அங்கேயே பிடிபட்டுவிடும்.

புள்ளியியல் இயற்பியல் வகுப்பில் உட்கருவாக்கத்துக்கு அரிவாள் செல்லை உதாரணமாகச் சொன்னார் பேராசிரியர். ஒரு ரத்த நோய்க்கும் அந்தப் பாடத்துக்கும் என்ன தொடர்பு?
— முதுநிலை இயற்பியல் மாணவர், திருச்சி

மிக நெருங்கிய தொடர்பு. இந்த நோயைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை என்றே சொல்வோம்.

இது ஒரு மூலக்கூறின் நோய் என்று லைனஸ் பாலிங் குழு 1949-இல் காட்டியது. பீட்டா சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் உட்கார்ந்திருப்பதே காரணம் என்று அடுத்த சில ஆண்டுகளில் வெர்னான் இங்கிராம் கண்டுபிடித்தார். ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபினின் வடிவத்தில், இந்த வேலின் பக்கத்து மூலக்கூறின் ஒரு குழியில் போய்ப் பொருந்திக்கொள்கிறது. அப்படியே கோத்துக்கொண்டு 14 இழைகள் முறுக்கிய நாராக வளர்கிறது. நார்கள் நிறைந்த சிவப்பணு விறைத்து, அரிவாள் போல் வளைகிறது.

ஆனால் ஆக்சிஜன் போன உடனே நார் வந்துவிடுவதில்லை. நாலைந்து மூலக்கூறுகள் சேரும்போது அவை இழக்கும் இயக்கச் சுதந்திரம் அதிகம். பிணைப்பால் கிடைக்கும் ஆற்றல் குறைவு. எனவே சிறு கூட்டங்கள் சேர்ந்து சேர்ந்து கலைந்துகொண்டே இருக்கும். ஏதோ ஒரு கூட்டம் தற்செயலாக மாறுநிலை அளவைத் தாண்டினால்தான் வளர்ச்சி லாபகரமாகிறது. இதுவே உட்கரு. ஃபெரோன், ஹாஃப்ரிக்டர், ஈட்டன் மூவரும் 1985-இல் இரண்டாவது வழியையும் சேர்த்தார்கள்: கற்கண்டுப் பாகில் தொங்கவிட்ட நூலின்மேல் படிகம் எளிதாகப் பிடிப்பதுபோல, முதல் நாரின் பக்கவாட்டிலேயே புதிய உட்கருக்கள் தோன்றுகின்றன. ஒரு நார் பலவாகி, அவை இன்னும் பலவாகின்றன. அதனால்தான் சோதனையில் சற்று நேரம் ஒன்றுமே நடக்காததுபோல் இருந்து, பிறகு சட்டென்று எல்லாம் உறைகிறது. அந்தச் 'சற்று நேரம்'தான் தாமத நேரம்.

தாமத நேரம் ஹீமோகுளோபின்-எஸ் செறிவின் ஏறத்தாழ 30-ஆம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. மருத்துவத்தில் இவ்வளவு பெரிய அடுக்கு வேறெங்கும் பார்ப்பது அரிது. கணக்குப் போட்டுப் பாருங்கள். செறிவு 5 சதவீதம் குறைந்தால் தாமதம் நாலரை மடங்குக்கு மேல் நீளும். 10 சதவீதம் குறைந்தால் ஏறத்தாழ 24 மடங்கு. 5 சதவீதம் கூடினால் நாலில் ஒரு பங்காகச் சுருங்கும்.

இதை ரத்த ஓட்டத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். மிக மெல்லிய ரத்தக்குழாயான தந்துகியைக் கடக்க ஒரு சிவப்பணுவுக்கு ஏறக்குறைய ஒரு நொடி. நுரையீரலுக்குத் திரும்பி ஆக்சிஜன் பெற இன்னும் பத்து நொடி அளவு. தாமதம் ஒரு நொடிக்கும் குறைவென்றால் அணு தந்துகிக்குள்ளேயே விறைத்து அடைக்கும். தாமதம் நீண்டால், விறைப்பதற்குள் நுரையீரல் வந்துவிடும். பெரும்பாலான அணுக்கள் உடலுக்குள் விறைக்காமல் தப்புவது இந்தத் தாமதத்தால்தான் என்று மொசரெல்லி, ஹாஃப்ரிக்டர், ஈட்டன் 1987-இல் காட்டினார்கள்.

தற்செயலின் பங்கும் இங்கே முக்கியம். ஒரு சிவப்பணுவின் கொள்ளளவு மிகச் சிறியது. முதல் உட்கரு எப்போது தோன்றும் என்பது ஒவ்வொரு சுற்றிலும் மாறும். எனவே சராசரியைப் பார்த்தால் போதாது, அணு அணுவாக அளக்க வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த சுப்ரா சுரேஷும் மிங் டாவோவும் அடங்கிய குழு 2015-இல் நுண்வாய்க்கால் பட்டையில் ஆக்சிஜனை ஏற்றி இறக்கி, ஒவ்வோர் அணுவும் விறைக்க எடுக்கும் நேரத்தையும் திரும்பத் தளர எடுக்கும் நேரத்தையும் தனித்தனியாக அளந்தது.

குளிர்காலத்தில்தான் என் தம்பிக்கு வலி அதிகம் வருகிறது. குளிரில் ரத்தம் உறைகிறதா?
— வாசகர், உதகமண்டலம்

இதில் பலர் தடுமாறுகிறார்கள். வெப்பம் குறைந்தால் ஹீமோகுளோபின்-எஸ் இன்னும் நன்றாகக் கரையும். நார் உருவாவது தாமதப்படவே செய்யும். அப்படியிருந்தும் வலி வருவதற்குக் காரணம் ரத்தக்குழாய். குளிரில் தோலிலும் கை கால்களிலும் குழாய்கள் சுருங்கி ஓட்டம் மந்தமாகிறது. அணு தந்துகியில் தங்கும் நேரம் நீள்கிறது. தாமத நேரத்தில் கிடைத்த ஆதாயத்தைவிடத் தங்கும் நேரத்தில் வந்த இழப்பு பெரிது. கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் உதகையில் ஆக்சிஜன் அழுத்தமும் கிட்டத்தட்ட கால்வாசி குறைவு. காலுறை, கையுறை, கம்பளி கட்டாயம். பச்சைத் தண்ணீரில் குளிப்பதும், நனைந்த துணியோடு இருப்பதும் கூடாது. வலிக்கிற இடத்தில் ஐஸ் வைக்கவே வேண்டாம். வெந்நீர்ப் பை வைக்கலாம்.

தண்ணீர் நிறையக் குடித்தால் போதும் என்கிறார்கள். எவ்வளவு? உண்மையிலேயே பலன் உண்டா?
— வாசகி, தர்மபுரி

பலன் உண்டு, போதும் என்பதுதான் தவறு. இந்த நோயில் சிறுநீரகத்தின் உட்பகுதி முதலிலேயே அடிபடும். அங்கே ஆக்சிஜன் குறைவு, உப்பு அதிகம், அமிலத்தன்மையும் உண்டு; அணு விறைக்க எல்லாம் கூடிவந்த இடம். விளைவாக, சிறுநீரைச் செறிவாக்கும் திறன் போய்விடுகிறது. உடலில் தண்ணீர் குறைந்தாலும் சிறுநீர் வெளிர் நிறத்தில் போய்க்கொண்டேதான் இருக்கும். ஆகவே சிறுநீரின் நிறத்தைப் பார்த்துத் தண்ணீர் போதுமா என்று கணிக்க வேண்டாம். பெரியவர்கள் நாளுக்கு 2–3 லிட்டர், வெயிலிலும் காய்ச்சலிலும் அதற்கு மேல் என்பது பொதுவான அளவு. குழந்தை படுக்கையில் சிறுநீர் கழித்தால் திட்டாதீர்கள். அதுவும் இதன் விளைவுதான்.

தண்ணீர் குடிப்பது, அணுவுக்குள் செறிவு ஏறாமல் காக்கும். ஏற்கெனவே வற்றிப்போன அணுவை அது நிரப்பாது. ரத்தத்தின் சோடியத்தை மருந்தால் குறைத்து அணுக்களை உப்பவைக்கும் முயற்சி 1980-இல் நடந்தது. அணுக்கள் உப்பின, ஆனால் அந்த நிலையை நோயாளிகளால் தொடர்ந்து தாங்க முடியாததால் சிகிச்சையாக நிலைக்கவில்லை. வலி வந்த நேரத்தில் டிரிப்ஸை அளவில்லாமல் ஏற்றுவதும் ஆபத்து: நுரையீரலில் நீர் கோத்து, மூச்சுத் திணறும் மார்பு நெருக்கடிக்கு வழிவிடும்.

ஹைட்ராக்ஸியூரியா புற்றுநோய் மருந்தாமே. அதை ஏன் வருடக்கணக்கில் கொடுக்கிறார்கள்?
— வாசகர், கோயம்புத்தூர்

மேலே இயற்பியல் மாணவருக்குச் சொன்ன 30-ஆம் அடுக்குக் கணக்கை ஒரே மாத்திரை இரண்டு பக்கத்திலிருந்து தொடுகிறது. ஒன்று, சிசு ஹீமோகுளோபினைக் கூட்டுகிறது. அது நாரில் சேராது, எனவே சேரக்கூடிய எஸ்-இன் அளவு குறைகிறது. இரண்டு, சிவப்பணுவின் கன அளவைப் பெரிதாக்குகிறது; உள்ளே செறிவு குறைகிறது. 1995-இல் வெளியான பெரிய சோதனையில் வலி நெருக்கடிகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன.

தினம் எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 10 முதல் 20 மி.கி. வரையில் தொடங்குவார்கள். பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். இரண்டே மாதத்தில் 'ஒன்றும் தெரியவில்லை' என்று நிறுத்திவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. தொடக்கத்தில் நாலு வாரத்துக்கு ஒருமுறையாவது ரத்த அணு எண்ணிக்கை, பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு 1,000-க்குக் கீழோ தட்டணு 80,000-க்குக் கீழோ போனால் நிறுத்திவைத்து, ஏறிய பிறகு மருத்துவர் அளவைக் குறைத்துத் தருவார். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்பதற்கு எம்.சி.வி., அதாவது சிவப்பணுவின் சராசரிக் கன அளவு, ஏறுவதே நல்ல அடையாளம். பிள்ளைப்பேறு திட்டமிடுவோர், ஆண்களும்தான், முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வோக்செலோட்டர் என்ற புதிய மருந்தைத் திரும்பப் பெற்றுவிட்டதாகப் படித்தேன். கோட்பாடு சரியாக இருந்தும் ஏன் தோற்றது?
— மருந்தியல் மாணவி, மதுரை

நல்ல கேள்வி. ஆக்சிஜனைப் பிடித்திருக்கும் ஹீமோகுளோபின் நாரில் சேராது. எனவே ஆக்சிஜனை விடாமல் பிடித்துவைக்கச் செய்தால் நார் குறையும் என்பது கோட்பாடு. 2019-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததற்கு அடிப்படையான சோதனையில், தினம் 1,500 மி.கி. எடுத்தவர்களில் 51 சதவீதம் பேருக்கு ஹீமோகுளோபின் ஒரு கிராமுக்கு மேல் ஏறியது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 7 சதவீதம்தான். ஆனால் வலி நெருக்கடி குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. 2024 செப்டம்பரில், நெருக்கடிகளும் இறப்புகளும் கூடுதலாகத் தெரிவதாகச் சொல்லி ஃபைசர் நிறுவனம் உலகெங்கும் மருந்தைத் திரும்பப் பெற்றது.

விறைத்துப்போவது மட்டுமே இந்த நோயின் துன்பம் அல்ல. திசுவுக்கு ஆக்சிஜன் போய்ச் சேர வேண்டும். இறுகப் பிடித்த ஹீமோகுளோபின் அதைத் தேவையான இடத்தில் இறக்காது. சிவப்பணு எண்ணிக்கை ஏறினால் ரத்தத்தின் பிசுபிசுப்பும் ஏறும். நிபுணர்கள் முன்னரே எழுப்பிய ஐயங்கள் இவை. அனுமதிக்கு ரத்த எண்ணிக்கை ஏறுவதை மட்டும் அளவுகோலாக எடுத்தது போதாது என்பது எங்கள் கருத்து. அணுவிலிருந்து தண்ணீர் வெளியேறும் வாயிலை அடைத்த செனிகபாக் மருந்திலும் இதே கதைதான் நடந்தது: ஹீமோகுளோபின் ஏறியது, வலி குறையவில்லை.

மரபணுத் திருத்தச் சிகிச்சை முழுக் குணம் தருமா?
— வாசகர், சேலம்

சிசு ஹீமோகுளோபினை அடக்கிவைப்பது பி.சி.எல்.11ஏ என்ற மரபணு என்பதை 2008-இல் விஜய் சங்கரன், ஸ்டூவர்ட் ஆர்க்கின் குழு காட்டியது. அது சிவப்பணு வரிசையில் மட்டும் வேலை செய்யவிடாமல் கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவி கொண்டு வெட்டுவதே காஸ்கெவி என்ற சிகிச்சை. 2023 நவம்பரில் பிரிட்டனிலும் டிசம்பரில் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. சோதனையில் கணக்கில் எடுக்கத்தக்க 31 பேரில் 29 பேர் ஓராண்டு தொடர்ந்து கடும் நெருக்கடி இல்லாமல் இருந்தார்கள். ஆனால் திருத்திய செல்களை ஏற்றுமுன் புசல்ஃபான் என்ற மருந்து கொண்டு பழைய மஜ்ஜையை அழிக்க வேண்டும். மலட்டுத்தன்மை வரலாம், வாரக்கணக்கில் மருத்துவமனை. அமெரிக்க விலை 22 லட்சம் டாலர். டெல்லியின் ஐ.ஜி.ஐ.பி. மரபணு ஆய்வு நிறுவனம் உள்நாட்டு முறைக்கு உழைத்துவருகிறது. அது வரும் வரை காத்திருக்கிறோம் என்று ஹைட்ராக்ஸியூரியாவைத் தள்ளிப்போடாதீர்கள்.

நோய் உறுதியான இரண்டு வயதுக் குழந்தைக்கு வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?
— வாசகி, கோத்தகிரி

மண்ணீரலை. அது சீக்கிரமே செயலிழப்பதால் நிமோகாக்கஸ் கிருமிக்கு எதிரான காப்பு போய்விடும். தடுப்பூசியோடு, மூன்று வயது வரை பென்சிலின்-வி 125 மி.கி. காலையும் மாலையும், பிறகு ஐந்து வயது வரை 250 மி.கி. காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸைத் தொட்டால் வீட்டில் காத்திராமல் அன்றே மருத்துவமனை. இன்னொன்று, சில மணி நேரத்தில் ரத்தம் மண்ணீரலில் தேங்கிவிடும் ஆபத்து உண்டு. குழந்தையைப் படுக்கவைத்து, இடது விலா எலும்புக்குக் கீழே விரல்களை மெதுவாக அழுத்தித் தினமும் தடவிப் பாருங்கள். எப்படித் தொடுவதென்று செவிலியர் சொல்லித் தருவார். நேற்று இல்லாத கட்டி இன்று தட்டுப்பட்டு, குழந்தை வெளிறிச் சோர்ந்திருந்தால் உடனே கிளம்புங்கள். ரத்தம் ஏற்ற வசதியுள்ள மருத்துவமனைக்கே போங்கள்.