கேமரா கேள்வி – பதில்: அழுத்தினாலும் படம் விழவில்லை

கேள்வி: 2011-இல் வாங்கிய டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் சில மாதங்களாகப் பத்துக்கு மூன்று முறை பொத்தானை அழுத்தினாலும் படம் விழுவதில்லை. பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை. விரலை எடுத்துவிட்டு மீண்டும் அழுத்தினால் எடுத்துவிடுகிறது. பேட்டரி முழுமையாக இருப்பதாகவே காட்டுகிறது. மெயின் போர்டை மாற்ற வேண்டும் என்கிறார் பழுது பார்ப்பவர். மாற்றலாமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். படம் விழாத அந்த நேரத்தில், வ்யூஃபைண்டரின் (கண் வைத்துப் பார்க்கும் துளையின்) அடியோரத்தில் ஃபோகஸ் கிடைத்ததைக் காட்டும் சிறு விளக்கு நிலையாக எரிகிறதா, சிமிட்டுகிறதா என்று முதலில் கவனியுங்கள். சிமிட்டினால் கேமரா பழுதாகியிருக்க வேண்டியதில்லை. ஒற்றைப் பட ஆட்டோஃபோகஸ் முறையில், ஃபோகஸ் கிடைக்கும்வரை ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் திரை) திறக்கக் கூடாது என்றே இக்கருவிகளைப் பெரும்பாலும் அமைத்திருக்கிறார்கள். வெள்ளைச் சுவர், வேலைப்பாடில்லாத ஒரே நிறப் புடவை, கல்யாண மண்டபத்தின் மங்கலான மூலை, லென்ஸுக்கு மிக அருகில் வந்துவிட்ட குழந்தையின் முகம் ஆகியவற்றின் எதிரில் லென்ஸ் முன்னும் பின்னும் தேடிவிட்டு நின்றுவிடும். லென்ஸின் பக்கவாட்டிலுள்ள சுவிட்சை ஏ.எஃப்.-இலிருந்து (தானியங்கி ஃபோகஸ்) எம்.எஃப்.-க்கு (கையால் ஃபோகஸ்) தள்ளி இருபது முறை அழுத்திப் பாருங்கள். இருபதும் விழுந்தால், ஃபோகஸ்தான் தடை. வேறொரு லென்ஸைப் பொருத்திப் பார்த்தால், கோளாறு லென்ஸிலா கேமராவின் உடலிலா என்பதும் தெரிந்துவிடும்.

ஆனால், மறுமுறை அழுத்தினால் எடுக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால், என் சந்தேகம் பொத்தானின் மேல்தான். பாதி அழுத்தினால் ஃபோகஸ், முழுதும் அழுத்தினால் ஷட்டர் என இரண்டு கட்டங்களாக வேலை செய்யும் அதன் அடியில் மெல்லிய உலோகத் தகடுகள் ஒன்றையொன்று தொட வேண்டும். பல்லாயிரம் முறை அழுத்திய தேய்மானத்தோடு விரல் வியர்வையும் உங்கள் ஊரின் உப்புக் காற்றும் சேர்ந்து அவற்றின் மேல் களிம்பு படிந்தால், பாதி அழுத்தம் வேலை செய்யும், முழு அழுத்தம் சில நேரம் போய்ச் சேராது. இதை உறுதிசெய்ய, உங்கள் மாடலுக்கு ஏற்ற கம்பி ரிமோட் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கி, அதனால் ஐம்பது படங்கள் எடுத்துப் பாருங்கள். கம்பி ரிமோட் கேமராவின் பொத்தானைத் தொடாமலே ஷட்டருக்குக் கட்டளை அனுப்புவதால், ஐம்பதும் விழுந்தால் போர்டையும் ஷட்டரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. அதைக் கடையிலேயே செய்து காட்டி, பொத்தானை மட்டும் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

ரிமோட்டிலும் படம் தவறினால், பேட்டரி முழுமை என்று காட்டுவதை அப்படியே நம்பாதீர்கள். கேமரா சும்மா இருக்கும்போது முதுமையடைந்த லித்தியம் பேட்டரியும் நல்ல வோல்டேஜ் காட்டும். கேமராவுக்குள் உள்ள கண்ணாடியைத் தூக்கி ஷட்டரை இயக்கும் நொடியில்தான் அது சரியும். ஆகவே புதிய பேட்டரியைப் போட்டுச் சோதியுங்கள். அதன் தொடுமுனைகளையும் லென்ஸின் பொன்னிற முனைகளையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் கூடவே கூடாது.

கேமராவை நீங்களே திறக்க வேண்டாம். பேட்டரியைக் கழற்றிய பிறகும் ஃபிளாஷுக்கான மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கப்பாசிட்டரில் ஏறத்தாழ 300 வோல்ட் தங்கியிருக்கக்கூடும்.

கேள்வி: 2005-இல் வாங்கிய சிறு கேமரா, எஸ்.டி. கார்டு பூட்டப்பட்டிருப்பதாகச் சில நேரம் சொல்லிப் படம் எடுக்க மறுக்கிறது. நான் எதையும் பூட்டவில்லையே?
– வாசகி, திருச்சி

பதில்: கார்டின் இடப்பக்க விளிம்பிலுள்ள சிறு பிளாஸ்டிக் தாழ் தளர்ந்திருக்கும், உள்ளே தள்ளும்போது உரசி, பூட்டும் பக்கம் நகர்ந்துவிடுகிறது. படங்களைக் கணினியில் நகலெடுத்துக்கொண்டு வேறு கார்டு வாங்குங்கள். 2 ஜி.பி.-க்கு மேற்பட்ட எஸ்.டி.எச்.சி. வகை 2006-இல்தான் வந்தது என்பதால், 16, 32 ஜி.பி. கார்டுகளை உங்கள் கேமரா படிக்காது, 2 ஜி.பி. அல்லது அதற்குக் குறைந்ததையே தேடி வாங்குங்கள்.