நோவாக் என்றால் ஊருக்குப் புதுசு

கேள்வி: டென்னிஸ் வீரர் நோவாக் ஜோகோவிச்சும் பழைய ஹாலிவுட் நடிகை கிம் நோவாக்கும் உறவா?

இல்லை. ஜோகோவிச்சுக்கு நோவாக் என்பது பெற்றோர் வைத்த பெயர். செர்பியர்களிடம் ஆண்பிள்ளைக்கு அப்படிப் பெயரிடுவது பழைய வழக்கம். கிம்முக்கு அதுவே குடும்பப் பெயர். 1933-ல் சிகாகோவில், செக் வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். மர்லின் என்ற சொந்தப் பெயரை, திரையில் ஏற்கெனவே ஒரு மர்லின் மன்றோ இருந்ததால் விட்டுக்கொடுத்தார். நோவாக்கையும் மாற்றச் சொன்னபோது மசியவில்லை.

கேள்வி: அப்படி என்ன பொருள் அதற்கு?

செக் மொழியில் 'நோவி' என்றால் புதிய. ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவரை அக்கம்பக்கத்தார் அழைத்த பெயர் இது. அப்புறம் அதுவே பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. பேரன் அதே ஊரில் பிறந்து வளர்ந்திருந்தாலும் பெயரில் 'புதுசு'தான்! குடிவந்தவர் இல்லாத ஊர் ஏது? ஊருக்கு ஊர் தனித்தனியாக முளைத்த பெயர் என்பதால், இரண்டு நோவாக்குகளைப் பார்த்தால் பங்காளிகள் என்று நினைக்க வேண்டாம். செக் நாடு, ஸ்லோவேனியா, போலந்து மூன்றிலும் அதிகம் பேருக்கு உள்ள குடும்பப் பெயர் இது. போலந்தில் மட்டும் சுமார் 2 லட்சம் பேர்.

கேள்வி: கணவர் நோவாக், மனைவி நோவாகோவா. எழுத்துப் பிழையா?

பிழையில்லை, இலக்கணம். செக் மொழியில் மனைவிக்கும் மகளுக்கும் 'ஓவா' சேரும். அவர்கள் வீட்டு அழைப்பு மணியருகே பார்த்தால் 'நோவாகோவி' என்றிருக்கும். குடும்பம் மொத்தத்துக்கும் அது. கணவரை நேரில் கூப்பிடும்போது 'பானே நோவாகு', அதாவது நோவாக் ஐயா. ஒரே பெயருக்கு இத்தனை வேஷம். 2022 முதல், விரும்பும் பெண்கள் 'ஓவா' இல்லாமலே பதிவு செய்யலாம். நல்ல மாற்றம் என்பேன். விசா வரிசையில் கணவன் பெயர் ஒன்று, மனைவி பெயர் ஒன்று என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். போலந்தில் இந்தச் சிக்கல் இல்லை, அங்கே ஆணும் பெண்ணும் நோவக்தான்.

கேள்வி: டென்னிஸ் வீராங்கனை மார்ட்டினா நவ்ரதிலோவா பெயரும் இப்படித்தானா?

'ஓவா' அதேதான், பொருள் வேறு. நவ்ராதில் என்றால் 'திரும்பி வந்தார்'. வளர்ப்புத் தந்தை வழியாக வந்த பெயர். மார்ட்டினா 1975-ல் அமெரிக்காவில் தஞ்சம் கேட்டுத் தங்கிவிட்டார். 1986-ல், பெண்கள் அணிகளுக்கான ஃபெடரேஷன் கோப்பை டென்னிஸ் ஆட, அமெரிக்க அணியோடு தான் பிறந்த பிராக் நகருக்குத் திரும்பி வந்தார்.