வள்ளியம்மைக்கு நார்த்டேலில் சிலை: சிற்பியிடம் போவதற்கு முன்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மரிட்ஸ்பர்க் நார்த்டேலில் உள்ள எங்கள் மாதர் சங்கம், இங்குள்ள நகராட்சிப் பூங்காவில் தில்லையாடி வள்ளியம்மைக்கு வெண்கலச் சிலை வைக்க விரும்புகிறது. ஆகஸ்ட் 9, இந்த நாட்டின் மகளிர் தினத்தன்று திறக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. யாரிடம் அனுமதி கேட்பது? பணத்தை எப்படித் திரட்டுவது?

பதில்: அவசியம் செய்யவேண்டிய காரியம். வள்ளியம்மை பிறந்தது ஜொகானஸ்பர்க். ஆனால் கடின உழைப்புத் தண்டனை அனுபவித்தது உங்கள் ஊர்ச் சிறையில். காந்தியின் சத்தியாக்கிரகப் போராட்டத்தில் சேர்ந்து, 1913 டிசம்பரில் தாய் மங்களத்தோடு தண்டிக்கப்பட்டு இங்கே வந்தார். சிறையில் கண்ட காய்ச்சலோடு வெளியே போனவர், 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் இறந்துவிட்டார். ஜொகானஸ்பர்க்கின் பிராம்ஃபொன்டைன் இடுகாட்டில் அவர் கல்லறையும் நினைவுக்கல்லும் இருக்கின்றன. அவர் சிறையிருந்த ஊரிலும் அவர் பெயர் நிற்கத்தான் வேண்டும்.

முதலில் இடம். பூங்கா நகராட்சியுடையது என்றால், உங்கள் வார்டு கவுன்சிலர் வழியாக உம்சுண்டுசி நகராட்சிக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். கவுன்சிலர் வாய்வார்த்தையாகச் சரி என்றால் போதாது. நகராட்சியின் எழுத்து அனுமதி கையில் வரும்வரை சிற்பிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். அதே கடிதத்தில், திறப்புக்குப் பிறகு விளக்கு, புல்வெட்டு, பழுதுபார்ப்பு எல்லாம் யார் பொறுப்பு என்றும் எழுதி வாங்குங்கள். பெரும்பாலான நினைவுச்சின்னங்கள் பாழாவது இந்த ஒரு வரி இல்லாததால்தான்.

என்னைக் கேட்டால், பூங்காவைவிட பர்கர் தெருவின் பழைய சிறைப் பக்கம் பொருத்தமானது. கஸ்தூரிபாவும் 1913இல் உங்கள் மாரிட்ஸ்பர்க்கில்தான் சிறையிருந்தார். ஆனால் 60 ஆண்டைத் தாண்டிய கட்டடத்தில் ஒரு பலகை மாட்டுவதற்குக்கூட மாகாண மரபுரிமை அமைப்பான அமாஃபாவிடம் அனுமதி வாங்கவேண்டும். பொது நினைவுச்சின்னம் ஒன்று எழும்பிவிட்டால் அதற்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. பிறகு நீங்களே நினைத்தாலும் அனுமதியில்லாமல் மாற்றமுடியாது. அதனால் கல்லில் ஏறும் ஒவ்வொரு எழுத்தும் முன்கூட்டியே சரியாக இருக்கவேண்டும்.

வெண்கலம் வேண்டாம். இந்த நாட்டில் உலோகத் திருட்டு எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும், பெயர்ப்பலகையைக்கூட விட்டுவைப்பதில்லை. நம் நாட்டுக் கறுப்பு கிரானைட்டில் ஆழமாகச் செதுக்குங்கள். பழைய இரும்புக் கடையில் அதற்கு விலை கிடையாது.

இனி, நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது. வள்ளியம்மையை மட்டும் தனியாக நிறுத்தாதீர்கள். 1913 மார்ச்சில் கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் கொடுத்த தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்களைச் சட்டத்தின் முன் செல்லாததாக்கியது. நம் பெண்கள் போராட்டத்துக்கு வந்ததற்கு அது பெரிய காரணம். ஜொகானஸ்பர்க் இருந்த டிரான்ஸ்வால் மாகாணத்திலிருந்து புறப்பட்ட 11 பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், நிலக்கரிச் சுரங்க ஊரான நியூகாசலுக்குப் போய், ஒப்பந்தக்காலம் முடிந்த இந்தியர்கள்மீது விதித்திருந்த 3 பவுண்டு வரிக்கு எதிராகச் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். ஒருவர் கர்ப்பிணி, ஆறு பேர் கைக்குழந்தைக்காரர்கள் என்று காந்தியே எழுதியிருக்கிறார். அவர்களுக்கும் மூன்று மாதக் கடின உழைப்பு, அதே மாரிட்ஸ்பர்க் சிறை. வரி 1914இல் நீக்கப்பட்டது.

காந்தி தரும் பட்டியலைப் பாருங்கள்: திருமதி தம்பி நாயுடு, திருமதி பி.கே. நாயுடு, திருமதி பெருமாள் நாயுடு, திருமதி சின்னசாமி பிள்ளை... மணமாகாதிருந்த மீனாட்சி பிள்ளை போன்ற இருவருக்குத்தான் சொந்தப் பெயர். தம்பி நாயுடுவின் மனைவி வீரம்மாள் என்று தெரியும். மற்றவர்களுக்கும் அம்மா அப்பா வைத்த பெயர் இருந்திருக்குமே! திருமணத்தின் மதிப்புக்காகச் சிறை போனவர்களைக் கணவர் பெயரால் மட்டும் கல்லில் ஏற்றினால் மனசு ஆறாது. உங்கள் ஊரிலேயே அரசு ஆவணக் காப்பகம் இருக்கிறது. டர்பனில் 1860 மரபு மையமும் வெஸ்ட்வில்லில் காந்தி-லுத்துலி ஆவண மையமும் உண்டு. காந்தி நடத்திய ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகையின் 1913 இதழ்களையும் பாருங்கள். சந்ததியார் குடும்பங்களில் விசாரியுங்கள். கிடைத்த பெயர்களைச் செதுக்கி, மீதிக்கு இடம் விட்டு வையுங்கள். பின்னால் சேர்க்கப்போவதை அனுமதி விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

வாசகம் ஆங்கிலம், சுலு, தமிழ் மூன்றிலும் இருக்கட்டும். கல்தச்சரின் கணினியில் தமிழ் அடிக்கடி உடையும்: ‘தில்லையாடி’யில் ‘லை’யின் முன்னால் நிற்கவேண்டிய குறி பின்னால் போய் உட்கார்ந்துவிடும். எழுத்துகளை உருவங்களாக மாற்றிய பிடிஎஃப் கொடுங்கள். செதுக்கும் முன் அதே அளவில் காகிதத்தில் அச்செடுத்து, தமிழ் படிக்கத் தெரிந்த இருவரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, சங்கத்தை முறையாகப் பதிவுசெய்து தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். தேசிய லாட்டரி ஆணையம் கலை, மரபுப் பணிகளுக்கு நிதி தருகிறது. மரபுப் பணிக்கு உங்கள் சங்கம் வரிவிலக்கு பெறலாம். ஆனால் நன்கொடையாளர் தம் வரியில் கழித்துக்கொள்ளும் 18ஏ ரசீது இந்த வகைப் பணிக்குப் பொதுவாகப் பொருந்தாது. வரித்துறையிடம் கேட்காமல் வாக்குக் கொடுக்காதீர்கள்.

அக்கம்பக்கத்துச் சுலு குடும்பங்களையும் பள்ளிகளையும் தொடக்கத்திலேயே கூட்டத்துக்கு அழையுங்கள். 2015இல் ஜொகானஸ்பர்க்கில் காந்தி சிலைமேல் வெள்ளைச் சாயம் ஊற்றப்பட்டது நினைவிருக்கும். யாரைக் கொண்டாடுகிறோம், ஏன் என்பதை அண்டை வீட்டாரோடு முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

ஆகஸ்ட் 9க்குள் இத்தனையும் முடியாது. அன்று பெயர் தேடும் பணியைத் தொடங்கிவைத்து, திறப்பைப் பிப்ரவரி 22க்கு வைத்துக்கொள்ளுங்கள்.