பழைய துவக்கின் மரத்தைத் தேய்த்துப் புதுப்பிக்கலாமா?

கேள்வி: ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்த எங்கள் பாட்டனாருக்கு, நாடு திரும்பிய துரை ஒருவர் கொடுத்துச் சென்ற லீ-என்பீல்ட் ரைபிள் உரிய அனுமதிப்பத்திரத்துடன் இப்போது என்னிடம் இருக்கிறது. அதன் உருக்குப் பகுதியில் கிரீட அடையாளமும் 1912 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. எழுபதுகளில் என் மாமா மரம் முழுவதற்கும் பளபளப்பான வார்னிஷ் பூசிவிட்டார். அது இப்போது செதில் செதிலாக உரிகிறது. முன்கட்டையின் பின்புற முனையில் சிறிய வெடிப்பும் உண்டு. மொறட்டுவையைச் சேர்ந்த ஓடாவி ஒருவர், எல்லாவற்றையும் தேய்த்துப் புதிதுபோல ஆக்கித் தருவதாகச் சொல்கிறார். மகனோ தொடவே கூடாது என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: மரத்தைத் தேய்க்கக் கூடாது என்பதில் உங்கள் மகன் சொல்வதே சரி. ஆனால் அந்த வார்னிஷ் அப்படியே இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பின்னாளில் மேலே பூசப்பட்டதை நீக்குவது வேறு, அதற்கு அடியிலுள்ள பழைய மரப்பரப்பைச் சீவி எறிவது வேறு. முதலாவதைத் தாராளமாகச் செய்யலாம். இரண்டாவதைச் செய்தால், பிறகு எவராலும் அதைத் திருப்பித் தர முடியாது.

1907இல் பிரித்தானிய இராணுவம் ஏற்றுக்கொண்ட மூன்றாம் மாதிரியைச் சேர்ந்தது உங்கள் ரைபிள். இவ்வகைத் துவக்குகளின் வோல்நட் மரத்துக்குத் தொழிற்சாலையில் ஆளிவிதை எண்ணெயைத்தான் ஊட்டினார்கள். படைவீரனும் அதே எண்ணெயைத்தான் அவ்வப்போது கையால் தேய்த்து வந்தான். ஆகவே உங்கள் மாமா பூசிய கண்ணாடிப் பளபளப்பு அந்தத் துவக்கு படையில் இருந்த காலத்துக்கு உரியது அன்று. ஓடாவி பூசவிருக்கும் புதிய பளபளப்பும் அப்படியே.

சாண்ட்பேப்பர் எதை அழிக்கும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். இந்த ரைபிளின் சோங்கு, அதாவது தோளில் ஊன்றும் பின்கட்டை, வீரனின் உடல்வாகுக்கு ஏற்ப வெவ்வேறு நீளங்களில் செய்யப்பட்டது. நீளமானதற்கு 'எல்', குட்டையானதற்கு 'எஸ்' என்று மேல்விளிம்பில், பித்தளை அடித்தகட்டுக்கு அருகில் முத்திரையிட்டார்கள். மரத்தின் பல இடங்களில் பரிசோதகர்களின் சிறு முத்திரைகளும் இருக்கும். அவற்றின் ஆழம் மிகக் குறைவு என்பதால், இரண்டு மூன்று தடவை அழுத்தித் தேய்த்தாலே மறைந்துவிடும். உலோகத்தோடு மரம் சேரும் விளிம்புகள் தாழ்ந்துபோய், கூர்மையான ஓரங்கள் மழுங்கிவிடுவது இன்னொரு கேடு. சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பது அந்த விளிம்புகளைத்தான். விலை குறைவதும் அங்கேதான் தொடங்குகிறது.

சோங்கின் வலப்பக்கத்தில் வட்டமான பித்தளை வில்லை ஒன்று இருக்கிறதா என்று வார்னிஷுக்கு அடியில் தேடிப் பாருங்கள். படைப்பிரிவின் பெயர்ச்சுருக்கத்தையும் துவக்கின் இலக்கத்தையும் அதில்தான் பொறிப்பது வழக்கம். தோட்டத்துரைமார் சேர்ந்து 1900இல் தொடங்கி 1949 வரை நடத்திய இலங்கைத் தோட்டத்துரைமார் ரைபிள் படையின் எழுத்துகள் அதில் தென்பட்டால், உங்கள் பாட்டனாரின் கதைக்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. அந்த வில்லையைப் பிராசோ போட்டு மினுக்கவும் வேண்டாம்.

வார்னிஷை நீக்குவதற்கு முன்னர் அது எந்த வகை என்று அறிய வேண்டும். சோங்கின் அடிப்புறத்தில், கண்ணில் படாத ஓரிடத்தில், மெதிலேட்டட் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். பூச்சு இளகிப் பிசுபிசுத்தால் அது அரக்குப் பொலிஷ். அசையாவிட்டால் தின்னரை முயலலாம். அதற்கும் மசியாத பூச்சானால், பழைய சோனகத் தெருவின் ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும் களிம்பு வடிவப் பெயின்ட் நீக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பூசி, இளகியதை மரச் சீவலாலோ முரட்டுத் துணியாலோ துடைத்தெடுக்கலாம். இந்த வேலையைக் காற்றோட்டமான இடத்தில், நெருப்பு அருகில் இல்லாமல், கையுறை அணிந்துகொண்டு செய்யுங்கள். கோஸ்டிக் சோடாவில் ஊறவைக்கும் வழியை எவர் சொன்னாலும் கேட்க வேண்டாம். அது மரத்தின் நிறத்தையும் வலுவையும் ஒருங்கே கெடுத்துவிடும்.

வார்னிஷ் போன பிறகு கைபட்ட இடங்களில் கருமையும், ஆங்காங்கே நசுங்கல்களும் தெரியும். அவை படையில் ஏற்பட்டவையாகவே இருக்கலாம், விட்டுவிடுங்கள். ஈரத்துணி வைத்து இஸ்திரிக்கை செய்தால் நசுங்கல் எழும்பும் என்பது உண்மைதான். ஆனால் அருகிலுள்ள முத்திரையும் அதே ஆவியில் எழும்பி மங்கிவிடும். பிறகு ஆளிவிதை எண்ணெயில் சில துளிகளை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து, அரைமணி நேரத்தில் மிச்சத்தை முற்றாகத் துடைத்துவிட வேண்டும். கொழும்பின் ஈரக்காற்றில் அது காயப் பல நாட்கள் எடுக்கும் என்பதால், மழை குறைந்த சனவரி, பெப்ரவரி மாதங்களில் செய்வது நல்லது. வீட்டுத் தளபாடங்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் நம்மிடம் உண்டு. அந்த எண்ணெய் ஒருபோதும் காய்வதில்லை, தூசியைப் பிடித்துக்கொண்டு காறல் வாடைதான் வீசும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியவை. தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயவிட்ட பின்னர் எறியுங்கள்.

இனி அந்த வெடிப்பு. இந்த மாதிரியில் சோங்கைப் பிடித்திருக்கும் நீண்ட திருகாணியின் சதுர முனை, முன்கட்டையின் பின்புறத்திலுள்ள சிறு தகட்டினுள் பொருந்தியிருக்கும். முன்கட்டையைக் கழற்றாமல் அந்தத் திருகாணியைத் திருப்பினால் முன்கட்டை பிளந்துவிடும். நீங்கள் சொல்லும் இடத்தைப் பார்த்தால், வார்னிஷ் பூசுவதற்காக எவரோ அப்படித் திருப்பியிருக்கலாம் என்றே எண்ணத் தோன்றுகிறது. ஓடாவியின் கைத்திறன் பயன்படும் இடம் இதுதான். எண்ணெய் ஊறிய மரத்தில் வெள்ளைப் பசை ஒட்டாது என்பதால், வெடிப்பின் உட்புறத்தை அசிற்றோனால் சுத்தம் செய்து, அரல்டைட் போன்ற இருகலவைப் பசையை மெல்லிதாகச் செலுத்தி இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். துவக்கை முழுதாக அவருடைய பட்டறையில் விட்டுவர வேண்டாம். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் உங்களுக்குத்தான், அவருக்கு அல்ல. கழற்றிய முன்கட்டையை மட்டும் கொண்டுபோனால் போதும். ஒட்டுகிற சாக்கில் மேற்பரப்பையும் கொஞ்சம் தேய்த்துவிட அவருக்குக் கை துறுதுறுக்கும். எனவே வேலை முடியும்வரை பக்கத்திலேயே இருங்கள்.