பெண் பார்க்க வருகிறார்கள், வீட்டைப் புதுப்பிக்க 5 லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: திருச்சி திருவெறும்பூரில் சொந்த வீட்டில் இருக்கிறோம். 1998-ல் கட்டியது. ஹால், இரண்டு படுக்கையறை, சமையலறை. கணவர் ஒரு தனியார் பட்டறையில் சூப்பர்வைசர். கைக்கு 42,000 ரூபாய் வருகிறது. நான் வீட்டிலேயே தைக்கிறேன், மாதம் சுமார் 9,000 கிடைக்கும். வீட்டுச் செலவு 36,000, பைக் தவணை 3,200. சேமிப்புக் கணக்கில் 1,10,000 இருக்கிறது. மகள் கல்யாணத்துக்கென்று 6 லட்சம் ரூபாயை மூன்று வருட டெபாசிட்டாகப் போட்டிருக்கிறோம், முடிய இன்னும் 14 மாதம். நகை 22 பவுன். தை மாதம் மகளைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெயிண்ட் அடித்து பத்து வருடம் ஆகிறது. மேற்குப் படுக்கையறையில் மேல் மூலை ஓதம் ஏறிப் பொரிந்துபோய்க் கிடக்கிறது. ஓர் இன்டீரியர் நிறுவனம் ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன், டி.வி. பேனல், வால்பேப்பர், மொசைக் மேலேயே புது டைல்ஸ் எல்லாம் சேர்த்து 4,80,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி என்று கொட்டேஷன் தந்திருக்கிறது. 5 லட்சம் பர்சனல் லோனுக்கும் அவர்களே ஏற்பாடு செய்வார்களாம், வட்டிக்கு வரிச் சலுகை உண்டு என்கிறார்கள். 10,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். லோன் போடுவதா, நகையை அடகு வைப்பதா, டெபாசிட்டை உடைப்பதா?

பதில்: மூன்றும் வேண்டாம். தை பிறப்பதற்குள் உங்கள் வீட்டை 75,000 ரூபாய்க்குள் பார்க்க லட்சணமாக ஆக்கிவிடலாம். அதற்கான பணம் உங்கள் கையிலேயே இருக்கிறது.

முதலில் அந்தக் கொட்டேஷன். 4,80,000-க்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 86,400. ஆக மொத்தம் 5,66,400. லோன் 5 லட்சம்தான், மீதி 66,400-ஐ உங்கள் சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டிவரும். 14 சதவீத வட்டியில் ஐந்து வருடக் கடன் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை 11,634 ரூபாய். இரண்டு பேர் வருமானம் 51,000. அதில் செலவும் பைக் தவணையும் போக உங்களிடம் மிஞ்சுவது 11,800. தவணை கட்டியபின் கையில் நிற்பது 166 ரூபாய். மகளின் கல்யாணம் நடக்கப்போகும் வருடத்தில் ஒரு குடும்பம் இந்த நிலையில் நிற்கக் கூடாது. ஐந்து வருடத்தில் வட்டியாக மட்டும் ஏறக்குறைய 1,98,000 ரூபாய் போகும். அந்தப் பணத்துக்குக் கல்யாண மண்டப வாடகையையும் சமையல் அட்வான்ஸையும் கட்டிவிடலாம்.

வரிச் சலுகை என்று சொன்னதையும் பார்த்துவிடுவோம். சொந்தக் குடியிருப்பு வீட்டைப் பழுதுபார்க்க வாங்கிய கடனுக்கு, பழைய வரி முறையில் வருடத்துக்கு 30,000 ரூபாய் வரை வட்டியைக் கழித்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் புதிய முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு அந்தக் கழிவு கிடையாது. அதைவிட முக்கியமானது, உங்கள் கணவரின் வருமானத்துக்கு வரியே வராது. புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு வரி இல்லை. கட்டாத வரியில் எங்கே சலுகை? இதை உங்களிடம் சொன்னவர் கணவரின் சம்பளம் எவ்வளவு என்று கேட்டாரா?

நகைக் கடன் இப்போது முன்பைவிடச் சுலபம். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிகளின்படி, 2.5 லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். ஆனால் அசலையும் வட்டியையும் கடைசியில் மொத்தமாகத் திருப்புகிற வகைக் கடனுக்குக் கெடு 12 மாதம்தான். தையில் பேச்சு முடிந்தால், அந்தக் கெடு வந்து நிற்கிற நேரமும் கல்யாண நேரமும் ஒன்றாகிவிடும். பெண்ணின் கழுத்துக்குப் போக வேண்டிய நகை வங்கி லாக்கரில் இருந்தால் உங்கள் மனம் என்ன பாடுபடும் என்று நான் சொல்லத் தேவையில்லை. டெபாசிட்டையும் தொடாதீர்கள். முன்கூட்டி உடைத்தால், பணம் இருந்த காலத்துக்கு உரிய வட்டி விகிதத்தைத்தான் தருவார்கள், அதிலும் அபராதமாக ஒரு சதவீதம் வரை பல வங்கிகள் பிடித்துக்கொள்ளும். 6 லட்சத்தில் அது சின்னத் தொகை அல்ல. மருத்துவச் செலவு மாதிரி ஏதாவது வந்து பணம் தேவைப்பட்டால்கூட, டெபாசிட்டை உடைக்காமல் அதன்மேல் கடன் கேளுங்கள். டெபாசிட் வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான்.

75,000 எங்கிருந்து வரும்? இந்தப் புரட்டாசியிலிருந்து மார்கழி வரை நான்கு மாதம், மாதம் 11,800 வீதம் 47,200 சேரும். அதில் 45,000. சேமிப்புக் கணக்கிலிருந்து 30,000. அங்கே 80,000 மிச்சம் இருக்கும், இரண்டு மாதச் செலவுக்குச் சரியாக இருக்கும். இதற்குக் கீழே இறங்க நான் ஒப்பமாட்டேன். தைக்குப் பிறகு மூன்று மாத மிச்சத்தை அப்படியே அந்தக் கணக்கில் போட்டு எடுத்த பணத்தை நிரப்பிவிடுங்கள்.

இனி வேலை. நீங்கள் அனுப்பிய கொட்டேஷனை இரண்டு முறை படித்தேன். 4,80,000 ரூபாயில் மொட்டை மாடிக்கென்று ஒரு ரூபாய்கூட இல்லை. ஒழுகுகிற தளத்துக்கு அடியில் ஜிப்சம் சீலிங் போட்டால் அடுத்த ஐப்பசியிலேயே மஞ்சள் கறை இறங்கும். அதுவரை ஓதம் இருப்பதும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் முதல் 15,000 ரூபாய் மாடிக்குத்தான், அதுவும் மழை பிடிக்கும் முன், இந்த மாதமே. அனுபவமுள்ள கொத்தனாரை மேலே அழைத்துப்போய், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையையும், தண்ணீர் இறங்கும் குழாய் வாயையும் காட்டுங்கள். 1998-ல் கட்டிய வீட்டில் பெரும்பாலும் கோளாறு இந்த இரண்டு இடத்தில்தான் இருக்கும். குழாய் வாயில் வேப்பிலைச் சருகு அடைத்துத் தண்ணீர் தேங்கினாலே போதும். விரிசலை வெட்டித் திறந்து, நீர்க்கசிவைத் தடுக்கும் கெமிக்கல் கலந்த கலவையால் அடைத்து, மூலையைச் சரிவாகப் பூசி, மேலே வாட்டர்ப்ரூஃப் பூச்சு இரண்டு மூன்று கை அடிக்க வேண்டும். காய்ந்தபின் குழாய் வாயை அடைத்து ஒரு நாள் தண்ணீர் தேக்கிப் பாருங்கள். கீழே ஈரம் தெரியாவிட்டால்தான் கடைசித் தவணைக் கூலி. சிமென்ட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பில்லில் பார்த்து வாங்குங்கள்.

அந்த அறையின் பொரிந்த பூச்சைத் தட்டி எடுத்துவிட்டு, மழைக்காலம் முழுக்க அப்படியே காய விடுங்கள். பார்க்க நன்றாக இருக்காது, பரவாயில்லை. ஈரச் சுவரில் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தால் ஆறே மாதத்தில் உப்பு பூத்து உரிந்துவிடும், கூலி இரண்டு முறை தர வேண்டிவரும். ஐப்பசி, கார்த்திகையில் உள்பக்கம் பெயிண்ட் வேலையே வேண்டாம். மார்கழி பிறந்ததும் ஆரம்பித்தால் போதும்.

மார்கழியில் முதல் வேலை ஹாலின் மொசைக். அதன்மேல் டைல்ஸ் ஒட்டச் சொன்னதுதான் அந்தக் கொட்டேஷனில் எனக்கு மிகவும் வருத்தம் தந்த விஷயம். நல்ல மொசைக்கை மிஷின் வைத்துத் தேய்த்து பாலிஷ் போட்டால் மறுபடி முகம் தெரியும். இருபத்தைந்து வருடம் உழைத்த தரை இன்னும் அவ்வளவு காலம் உழைக்கும். மேலே டைல்ஸ் போட்டால் தரை உயர்ந்து, கதவுகளின் அடியை அறுக்க வேண்டியிருக்கும். ஹால் மட்டும் பாலிஷ் போடுங்கள், 8,000-க்குள். சேறு தெறிக்கும் வேலை என்பதால் பெயிண்டுக்கு முன்னால் முடிக்க வேண்டும்.

பெயிண்டுக்கு 30,000, கூலியும் சேர்த்து. ஹால், சமையலறை, வாசல் முகப்பு, அந்த மேற்கு அறை. இன்னொரு படுக்கையறையை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம், அங்கே விருந்தாளி யாரும் போகப்போவதில்லை. அளவை நீங்களே எடுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குச் சுற்றளவு 44 அடி, உயரம் 10 அடி, ஆக 440 சதுர அடி. கதவு ஜன்னலுக்கு 60 கழித்தால் 380. ஏற்கெனவே பெயிண்ட் அடித்த வழவழப்பான சுவரில் நல்ல எமல்ஷன் ஒரு லிட்டர், இரண்டு கோட்டுக்கு சுமார் 120 சதுர அடி வரும். பிராண்டுக்குப் பிராண்டு கொஞ்சம் மாறும், டப்பாவில் போட்டிருப்பார்கள். அப்படியானால் அந்த அறைச் சுவருக்கு மூன்றேகால் லிட்டர். யாராவது ஆறு லிட்டர் என்றால் ஏன் என்று கேளுங்கள். மேல்தளத்துக்கு விலை குறைந்த வெள்ளையே போதும். எல்லா அறைக்கும் ஒரே வெளிர் நிறம் எடுத்தால் பெரிய டப்பாவாக வாங்கலாம், லிட்டர் விலை இறங்கும், வெளிச்சமும் கூடும். மிஷினில் நிறம் கலந்த டப்பாவைக் கடையில் திரும்ப வாங்கமாட்டார்கள். அதனால் கொஞ்சம் குறைவாகவே வாங்கி, தேவைப்பட்டால் அதே நம்பர் சொல்லிக் கூடுதலாக வாங்குங்கள்.

மூன்று பெயிண்டரிடம் விலை கேளுங்கள், கூலி தனி, பொருள் தனியாக. பொருளை நீங்கள் வாங்குங்கள். பல கம்பெனி டப்பாக்களில் பெயிண்டருக்கென்று டோக்கனோ ஸ்கேன் செய்யும் குறியீடோ இருக்கும், அது அவருக்கே போகட்டும். அந்த வருமானம் போய்விடுமே என்ற கவலை இல்லாவிட்டால் நீங்கள் பொருள் வாங்குவதற்கு அவர் தடை சொல்லமாட்டார்.

சமையலறைக்கு மாடுலர் வேண்டாம். உங்கள் கடப்பா கல் அலமாரி நூறு வருடம் நிற்கும். அதற்கு வெளியே அலுமினிய ஃப்ரேமில் பி.வி.சி. கதவு போட்டால் உள்ளே இருக்கிற டப்பாக்கள் மறைந்துவிடும். ஜன்னல், ஷட்டர் வேலை செய்யும் அலுமினியக் கடைக்காரர்களே செய்வார்கள். 8,000 வைத்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் மேடைக்குக் கீழ்ப்பகுதிக்கு மட்டும் போடுங்கள்.

திரைச்சீலைக்கும் சோபா உறைக்கும் உங்கள் கைத்தொழில் இருக்கிறது, மற்றவர்கள் தரும் தையல் கூலி உங்களுக்கு மிச்சம். நான்கு அடி அகல ஜன்னலுக்கு இரண்டு மடங்கு, அதாவது எட்டு அடி அகலத் துணி இருந்தால்தான் மடிப்பு அழகாக விழும். 48 அங்குல அகலத் துணியில் இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் ஐந்தரை அடி நீளம், மொத்தம் சுமார் மூன்றரை மீட்டர். திரைத்துணிக்கும் படுக்கை விரிப்புக்கும் பேர்போன கரூர் உங்களுக்குப் பக்கம்தான், ஏற்றுமதியில் மிஞ்சிய துணி விற்கும் கடைகள் அங்கே உண்டு. கோ-ஆப்டெக்ஸில் தீபாவளித் தள்ளுபடி நடக்கும்போது விரிப்புகளை வாங்கிவிடுங்கள். வருகிறவர்கள் உட்கார ஒரு பவானி ஜமக்காளம் இருந்தால் ஹாலுக்கே தனிக் களை வரும். மொத்தம் 5,000. விளக்குக்கு 3,000: ஹாலில் ஒற்றை டியூப்லைட்டுக்குப் பதில் இரண்டு மூன்று இடத்தில் இளமஞ்சள் எல்.இ.டி., தொங்கும் ஒயர்களுக்குக் கேசிங். தேக்கு நிலைக்கதவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடிப்பதைப் பெயிண்டரின் கூலியிலேயே பேசிவிடுங்கள், வருபவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இதுவரை 69,000. மீதி 6,000-ஐ யாரிடமும் சொல்லாமல் தனியாக வையுங்கள், மாடி வேலை கூடினால் அதற்கு. அப்போதும் போதாவிட்டால் சமையலறைக் கதவைத் தள்ளிப்போடுங்கள், சேமிப்பில் கை வைக்காதீர்கள். பரணைக் காலிசெய்து பழைய இரும்பையும் உடைந்த கட்டிலையும் காயலான் கடைக்குப் போட்டால் கொஞ்சம் வரும். பொருள் குறைந்தாலே அறை பெரிதாகத் தெரியும்.

கடைசியாக, அந்த 10,000 அட்வான்ஸ். வேலை தொடங்கவில்லை, பொருளும் வாங்கவில்லை என்றால் இன்றைக்கே எழுத்தில், வாட்ஸ்அப்பிலும் மெயிலிலும், வேலையை ரத்து செய்கிறேன், பணத்தைத் திருப்பித் தரவும் என்று கேளுங்கள். ரசீதின் பின்பக்கத்தில் ரத்துக்கு என்ன கழிப்பார்கள் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். நியாயமான அளவு கழித்தால் ஒப்புக்கொண்டு முடித்துவிடுங்கள். பணத்தையே தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகார் பதிவு செய்யலாம். ஆனால் 10,000 போய்விடுமே என்பதற்காக 5,66,400-க்குக் கையெழுத்துப் போடாதீர்கள். லோன் விண்ணப்பத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், பணம் கணக்கில் வருவதற்கு முன்பே வங்கிக்கும் தனியாக ரத்துக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவிடுங்கள்.