வெட்டி ஒட்டிய வீடியோவுக்கு எப்படிப் பதில் சொல்வது?

கேள்வி: எங்கள் சட்டமன்ற வேட்பாளர் முன்பு ஊராட்சித் தலைவராக இருந்தவர். குளம் தூர்வாரிய பணத்தைச் சாப்பிட்டுவிட்டார் என்று 40 விநாடி வீடியோ ஒன்று வாட்ஸ்அப் குழுக்களிலும் ஃபேஸ்புக் விளம்பரமாகவும் ஓடுகிறது. கிராமசபையில் அவர் பேசியதை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். வாக்குப்பதிவுக்கு 12 நாள்தான் இருக்கிறது. உடனே பதிலடி வீடியோ போடு என்கிறார் அண்ணன். என்ன செய்யலாம் சார்?

பதில்: இன்று ராத்திரியே எதையும் போட்டுவிடாதீர்கள். முதலில் ஆதாரத்தைப் பிடித்து வையுங்கள், ஏனென்றால் நீங்கள் புகார் கொடுத்த மறுநிமிடமே அந்த வீடியோ காணாமல் போகலாம். ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் ஆட் லைப்ரரியில் (விளம்பரங்களை யாரும் தேடிப் பார்க்கும் பொதுப் பட்டியல்) அந்தப் பக்கத்தின் பெயரைத் தேடுங்கள். அரசியல் விளம்பரமாகப் பதிவாகியிருந்தால் யார் பணம் கட்டியது, ஏறக்குறைய எவ்வளவு, எந்த மாநிலத்தில் காட்டப்பட்டது என்பதெல்லாம் அங்கே இருக்கும். தேதியும் இணைப்பும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை, வந்த போனிலேயே அழிக்காமல் வையுங்கள். பின்னால் வழக்கு என்று வந்தால் மின்னணு ஆதாரத்துக்கு, 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதிநியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் கேட்பார்கள்.

அடுத்து, வீடியோ சொல்வது என்ன வகை என்று பாருங்கள். 'இவர் காலத்தில் குளம் சரியாகத் தூர்வாரப்படவில்லை' என்றால் அது அரசியல் விமர்சனம். அதற்குப் புகார் வேண்டாம், மேடையில் பதில் சொல்லுங்கள். 'பணத்தைத் திருடினார்' என்பது வேறு. வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தை பற்றிப் பொய் என்று தெரிந்தே எதிர் வேட்பாளர் தரப்பு பரப்பினால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(4) அதை ஊழல் நடவடிக்கை என்கிறது. ஆனால் அதற்கான தேர்தல் மனுவைத் தேர்தல் முடிவு வந்தபிறகு, 45 நாளுக்குள், உயர்நீதிமன்றத்தில்தான் போட முடியும். வாக்குப்பதிவுக்கு முன்னால் அது உங்களுக்கு உதவாது.

2023 கர்நாடகத் தேர்தலை நினைத்துப் பாருங்கள். பாஜக அரசின் மீது 'ஊழல் விலைப்பட்டியல்' என்று காங்கிரஸ் நாளிதழ்களில் விளம்பரம் கொடுத்தது. மே 6-ஆம் தேதி தேர்தல் ஆணையம் நோட்டீஸ் அனுப்பி, மறுநாள் மாலைக்குள் ஆதாரம் கேட்டது. மே 10-ல் வாக்குப்பதிவே முடிந்துவிட்டது. அந்த விளம்பரத்துக்காகப் போட்ட அவதூறு வழக்கிலோ 2024 ஜூனில்தான் ராகுல் காந்தி பெங்களூரு நீதிமன்றத்துக்கு வந்து ஜாமீன் பெற்றார். விளம்பரம் சரியா தவறா என்பதல்ல இங்கே பேச்சு. வழக்கின் வேகம் வேறு, வாக்குப்பதிவின் வேகம் வேறு.

அதற்காகப் புகாரை விட்டுவிடாதீர்கள். மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் உள்ள ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவுக்கு (எல்லோரும் எம்.சி.எம்.சி. என்பார்கள்) எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்ட நேரத்தோடு கையெழுத்து வாங்குங்கள். சமூக ஊடக விளம்பரத்துக்கு முன்சான்று கட்டாயம். அந்த வீடியோவுக்குச் சான்று இருக்கிறதா என்பதே உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும். தேர்தல் விதிமீறலைப் படம் எடுத்துப் புகார் செய்யும் சி-விஜில் செயலி இங்கே உதவாது. அந்த இடத்திலேயே எடுத்த படத்தைத்தான் அது ஏற்கும், ஃபார்வர்டு வீடியோவை ஏற்காது. அச்சகத்தின் பெயர் இல்லாத நோட்டீஸ் சுவரில் ஒட்டியிருந்தால் அதற்குப் பயன்படுத்துங்கள். அது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127A பிரிவின்படி குற்றம்.

சரி, பதில் வீடியோ. எதிராளி வீடியோவின் ஒரு துண்டைக்கூட அதில் காட்டாதீர்கள். 'நான் திருடன் அல்ல' என்று ஆரம்பிக்கவும் வேண்டாம், கேட்பவர் மனதில் திருடன் என்ற சொல்தான் நிற்கும். வேட்பாளர் அந்தக் குளக்கரையிலேயே நிற்கட்டும். கையில் எம்-புக் (செய்த வேலையின் அளவைப் பதியும் அளவீட்டுப் புத்தகம்) நகலும் கிராமசபையில் வைத்த வரவு செலவுக் கணக்கும் இருக்கட்டும். எவ்வளவு ஒதுக்கினார்கள், யாருக்குக் காசோலை போனது, எத்தனை அடி ஆழப்படுத்தினார்கள், இந்த மூன்றும் போதும். வேலை பாதியில் நின்றிருந்தால் அதையும் அவரே சொல்லட்டும். அதை மறைத்தால் அடுத்த வீடியோ அங்கிருந்துதான் வரும். வெட்டப்பட்ட கிராமசபைப் பேச்சு முழுசாக இருந்தால் அதைத் தனியாகப் போடுங்கள்.

எங்கே போடுவது? பொய் போன இடத்துக்கு மட்டும் பதில் போகட்டும். நாலு ஊர்க் குழுக்களில் ஓடும் வீடியோவுக்குத் தொகுதி முழுக்க விளக்கம் கொடுத்தால், தெரியாதவர்களுக்கும் நீங்களே தெரிவித்ததாகிவிடும். அந்த ஊரில் மதிப்புள்ள ஒருவர், முடிந்தால் அந்த வேலையில் மண் அள்ளிய ஆளே, தன் குரலில் அனுப்பினால் இன்னும் நல்லது.

வேட்பாளரின் சொந்தப் பக்கத்தில் சாதாரணமாகப் பதிவிட முன்சான்று வேண்டாம். காசு கட்டி விளம்பரமாக ஓட்டினால் வேண்டும். பதிவு பெற்ற கட்சியோ, சுயேச்சை உட்பட வேட்பாளரோ என்றால் 3 நாள் முன்னதாக, மற்றவர்கள் என்றால் 7 நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். உங்களிடம் இருப்பது 12 நாள், அதில் கடைசி 48 மணி நேரம் பிரசாரத்துக்கு இல்லை. ஆகவே விண்ணப்பத்தை நாளைக்கே கொடுங்கள். அந்த விளம்பரச் செலவையும் வேட்பாளரின் கணக்கில் எழுத மறக்காதீர்கள்.